ஒழுங்கைக்குள் வந்த டிவிஷன்

நவம்பர் பிறந்தால் யூனியன்வில் மெயின் தெருவில் நடப்பவர்களின் மேற்சட்டைகளில் பொப்பிப் பூ ஏறிவிடும். கடை வாசலில் பெட்டியோடு நிற்கும் கிழவருக்கு இரண்டு டொலரைப் போட்டுவிட்டு நாங்களும் குத்திக்கொள்கிறோம். ஊசி விரலில் ஏறாமல் குத்தப் பழகவே எங்களுக்குச் சில வருடங்கள் எடுத்தன. எந்தச் சாவுக்காகக் குத்துகிறோம் என்று நின்று யோசித்தது குறைவு. ஊரில் சாவைக் கண்டு வந்தவர்களுக்கு இன்னொரு ஊரின் சாவுக்காகப் பூக் குத்துவது ஒரு மரியாதை, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம்.

எங்களில் ஒருவருடைய மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். ஒன்ராறியோவில் அந்த வகுப்பில் கனடிய வரலாறு கட்டாய பாடம். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: 1943இல் இத்தாலியில் சண்டைபிடித்த முதலாவது கனடியக் காலாட்படை டிவிஷனின் அமைப்பை ஒரு பெரிய தாளில் வரைந்து வரவேண்டும். நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமைப் பின்னேரம் வழக்கம்போலப் பேஸ்மென்ரில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவன் நிலத்தில் தாளை விரித்துப் பெட்டி பெட்டியாகக் கோடு கீறிக்கொண்டிருந்தான். திடீரென்று தலையை நிமிர்த்திக் கேட்டான்:

"அப்பா, உங்கட ஊருக்கு வந்ததும் டிவிஷன்தானே? எத்தினையாவது டிவிஷன்?"

ஆறு பேருக்கும் பதில் தெரியவில்லை. ஒருவர் "இந்தியன் ஆமி" என்றார். மற்றவர் "எங்கட பக்கம் சீக்கியர்" என்றார். இன்னொருவர் தங்கள் சந்தியில் நின்றவர்கள் கூர்க்காக்கள் என்று அடித்துச் சொன்னார். கடைசியாக ஒருவர், அப்போது அவருக்குப் பதினாலு வயது, "லொறியளில ஒரு மாட்டுப் படம் கீறியிருந்தது" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் விடை அந்த மாட்டில்தான் இருந்தது. அது மாடல்ல, காட்டெருமை. இந்திய இராணுவத்தின் 54ஆவது காலாட்படை டிவிஷனைப் பைசன் டிவிஷன் என்று சொல்வார்கள். செக்கந்தராபாத்தில் தலைமையகம் கொண்ட அந்த டிவிஷன்தான் 1987 ஜூலை 30இல் பலாலியில் வந்து இறங்கத் தொடங்கியது.

எங்கள் வாழ்க்கையைத் தலைகீழாகப் புரட்டிய ஒரு படையைத் தலைப்பாகையையும் முகவெட்டையும் வைத்து மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன்பிறகு சில மாதம் நூலகத்திலும், ஆளுக்காள் பரிமாறிய புத்தகங்களிலும் நாங்கள் தேடியதன் விளைவு இந்தக் கட்டுரை.

டிவிஷன் என்பதை எங்கள் பத்திரிகைகள் படைப்பிரிவு என்று எழுதும். பத்துப் பேர் ரோந்து போனாலும் படைப்பிரிவு, பத்தாயிரம் பேர் வந்தாலும் படைப்பிரிவு. அதனால் எங்களுக்குள் ஒரு குழப்பம் இருந்தபடியே இருக்கிறது. கீழே இருந்து எண்ணினால் விளங்கும். இந்திய இராணுவத்தில் பத்துப்பேர் ஒரு செக்ஷன். மூன்று செக்ஷன் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் ஒரு கொம்பனி. துவக்குக் கொம்பனிகள் நாலும், 81 மில்லிமீற்றர் மோட்டார் வைத்திருக்கும் ஆதரவுக் கொம்பனியும் சேர்ந்தால் ஒரு பற்றாலியன். முழு ஆட்பலத்தில் எண்ணூறு பேரளவு. அதற்கு ஒரு கேணல். மூன்று பற்றாலியன் ஒரு பிரிகேட். அதற்கு ஒரு பிரிகேடியர். மூன்று பிரிகேட் சேர்ந்தால் டிவிஷன். அதற்கு ஒரு மேஜர் ஜெனரல். இதோடு முடியாது. பீரங்கிக்கு ஒரு பிரிகேட், பாலம் கட்டவும் கண்ணி கிளப்பவும் பொறியியலாளர், தொலைத்தொடர்புக்கு ஒரு றெஜிமென்ற், மாவும் பருப்பும் கொண்டுவர ஒரு பிரிவு, காயக்காரரைத் தூக்க ஒரு பிரிவு, லொறி திருத்த ஒரு பிரிவு, இராணுவப் பொலிஸ். எல்லாமாகப் பத்தாயிரத்துக்கு மேல். வேறு யாரையும் எதிர்பாராமல் தானே சாப்பிட்டு, தானே சுட்டு, தானே தன் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டு ஒரு போரை நடத்தக்கூடிய படை என்று இதைச் சொல்லலாம். வரைபடத்தில் இதற்கு அடையாளம் ஒரு நீள்சதுரம், அதற்குள் ஒரு குறுக்குக் கோடு மறுகுறுக்குக் கோடு, மேலே இரண்டு பெருக்கல் குறி. பிரிகேட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. எங்கள் யாழ்ப்பாணம் முழுவதும் இப்படிச் சில பெருக்கல் குறிகளாக ஒரு மேசையில் கிடந்திருக்கிறது.

இந்த வடிவம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் போர்களில் உருவாகி நெப்போலியனால் பேர் பெற்றது. இந்தியாவில் இதை ஒழுங்காகப் போட்டவர் கிச்சினர் பிரபு. 1902இலிருந்து 1909வரை அங்கே தளபதியாக இருந்தபோது, சிதறிக் கிடந்த படைகளை ஒன்பது டிவிஷனாக அடுக்கினார். கனடாவின் முதலாவது டிவிஷன் 1914இல் உலகப்போருக்கென்று திரட்டப்பட்டது. இரண்டும் ஒரே பிரித்தானிய அச்சில் வார்த்தவை. ஆகவே அந்தப் பெடியன் தாளில் கீறிய பெட்டிகளை, பெயரை மட்டும் மாற்றினால், எங்களுக்கு வந்த படையின் படமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றும் இருக்கின்றன. 1943 டிசம்பரில் இத்தாலியின் அட்ரியாற்றிக் கரையோரமாக முதலாவது கனடிய டிவிஷன் முன்னேற, அதன் இடது பக்கத்தில் உள்நாட்டுப் பக்கமாக எட்டாவது இந்திய டிவிஷன் முன்னேறியது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே இந்திய டிவிஷன் காரி ஆற்றைக் கடந்தபோது அதற்குத் துணை நின்றவை கனடிய ராங்கிகள். பொப்பிப் பெட்டியோடு நின்ற தலைமுறையில் சீக்கியரோடும் கூர்க்காக்களோடும் ஒரே சேற்றில் கிடந்தவர்கள் இருந்திருப்பார்கள். எங்களுக்கு வேறு விதமாகத் தெரிந்த முகங்கள் அவர்களுக்குத் தோழர்களின் முகங்கள்.

பெடியனின் புத்தகத்தில் ஒர்ரோனா என்ற சிறு துறைமுக நகரத்துக்கு முழு அத்தியாயம் இருந்தது. 1943 டிசம்பர் 20 முதல் 28 வரை வீடு வீடாகச் சண்டை. தெருவில் இறங்கினால் சாவு என்பதால் கனடியர் ஒரு வீட்டின் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குள் போய், அதன் சுவரை உடைத்து அதற்கடுத்த வீட்டுக்குள் போனார்கள். எந்தக் கொம்பனி எந்தச் சந்தியைப் பிடித்தது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். அந்த நகரத்துச் சனத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்ததை ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தது. நாங்கள் ஆறு பேரும் அந்த வரியில்தான் நின்றோம். பெடியன் அதைத் தாண்டிப் போய்விட்டான். அவன் கீறவேண்டிய படத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

இனி 54இன் கதைக்கு வருகிறோம்.

அந்த டிவிஷனின் பெயர் பெரிதாக அடிபட்டது 1971 டிசம்பரில். கிழக்கே வங்காளதேசம் பிறந்துகொண்டிருந்தபோது மேற்கே சகர்கார் பகுதியில் மேஜர் ஜெனரல் டபிள்யூ. ஏ. ஜி. பின்ரோவின் தலைமையில் அது பாகிஸ்தானுக்குள் இறங்கியது. கண்ணிவெடி வயலுக்கூடாகப் பாதை வெட்டி, 15ஆம் திகதி இரவு பசந்தர் ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் முதலில் கால்வைத்த பற்றாலியன்களில் ஒன்று 16ஆவது மதராஸ். ஜர்பால் கிராமத்தைப் பிடித்து வைத்திருந்த 3ஆவது கிரனேடியர்ஸைச் சேர்ந்த மேஜர் ஹோஷியார் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அங்கே வந்த ராங்கிகளை மறித்து நின்று 16ஆம் திகதி செத்த பூனா ஹோர்ஸின் இரண்டாம் லெப்டினன்ற் அருண் கேத்தர்பாலுக்கும் அதே விருது. அவருக்கு வயது 21. ஒரே சண்டையில் அந்த நாட்டின் ஆக உயர்ந்த விருது இரண்டு.

இதில் எங்களை இழுத்தது மதராஸ் றெஜிமென்ற். 1758வரை வேர் தேடிப் போகக்கூடிய பழைய படை. பின்னர் தென்னிந்தியர் போர்க்குலத்தவர் அல்லர் என்று வெள்ளைக்காரர் ஒரு தத்துவம் கண்டுபிடித்து, முதலாம் உலகப்போருக்குப் பிறகு அதைக் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் தத்துவத்தை மடித்து வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார்கள். நீலகிரியில் வெலிங்டனில் அதன் பயிற்சி நிலையம் இருக்கிறது. அதன் போர்க்குரல் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு." பஞ்சாப் சமவெளியில் கோதுமை வயலுக்குள் தமிழில் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எங்களுடைய பாஷையில் ஒரு பெரிய இராணுவம் சண்டைக்குப் போனது என்பதைக் கேட்கும்போது மனதின் ஒரு மூலையில் கொஞ்சம் பெருமை எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. அதே றெஜிமென்ற்றின் இன்னொரு பற்றாலியன் பதினாறு வருடம் கழித்து எங்கே வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

54ஆவது டிவிஷனின் பெருமை அதுதான்: அகன்ற வெளி, நடுவில் ஆறு, அந்தப் பக்கம் சீருடை போட்ட எதிரி, எதிரே ராங்கி. கோடு கீறி இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று சொல்லக்கூடிய போர்.

1987 ஜூன் 4ஆம் திகதி எங்கள் வானத்தில் அன்ரனோவ் விமானங்கள் ஐந்து வந்து அரிசியும் பருப்பும் போட்டன. பூமாலை நடவடிக்கை என்றார்கள். எட்டுக் கிழமை கழித்து, ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கையெழுத்து வைத்தார்கள். அடுத்த நாள் பலாலியில் விமானங்கள் ஆட்களை இறக்கின. எங்கள் சனம் மாலையோடு போனது. தேங்காய் உடைத்தார்கள். வடமராட்சியில் மே மாதம் சிங்கள இராணுவம் நடத்தியதைப் பார்த்த கண்ணுக்கு அந்த லொறிகள் கோயில் தேர்போலத்தான் தெரிந்தன. காட்டெருமையை யார் கவனித்தார்கள்!

அந்த ஓகஸ்ட் மாதத்தில் நடந்த ஒன்றை எங்களில் ஒருவர் சொல்லுவார். பல்கலைக்கழகத்துப் பக்கம் தண்ணி கேட்டு வந்த ஒரு சிப்பாயிடம் அவருடைய அம்மம்மா "தம்பி, நீ எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார். "திருநெல்வேலி பாட்டி" என்றானாம் அவன். மனிசி சிரித்துவிட்டு, "இதுவும் திருநெல்வேலிதான் மோனை" என்று செம்பை நீட்டியிருக்கிறார். அவன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தானாம்.

ஒரு டிவிஷன் வந்தது என்று சொன்னாலும் தாளில் இருந்த டிவிஷன் முழுதாக வரவில்லை. சமாதான காலத்து ஆட்பலத்தோடு, பல பற்றாலியன்கள் பாதியும் முக்காலுமாக வந்து இறங்கின. சண்டைக்கு வரவில்லை, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று ஆயுதம் வாங்கி வைக்க வந்தோம் என்ற எண்ணம் அவர்களுக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வந்தது 91ஆவது பிரிகேட்: 5ஆவது மதராஸ், 8ஆவது மகார், 1ஆவது மராத்தா இலகு காலாட்படை. மற்றப் பிரிகேட்டுகள் கிழக்கிற்கும் வன்னிக்கும் பிரிந்து போயின. ஒன்றாக நின்று சண்டைபிடிக்கவென்று வடிவமைத்த படை, வடக்குக் கிழக்கு முழுவதும் பொலிஸ் நிலையம்போலத் தூவப்பட்டது.

மேலிடம் அதைவிடச் சிக்கல். பலாலியில் டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அவருக்கு மேலே லெப்டினன்ற் ஜெனரல் தீபிந்தர் சிங்; பூனாவில் இருக்கும் தெற்குக் கட்டளையகத்துக்கும் அவர்தான் தலைவர், இலங்கையில் இருக்கும் முழுப் படைக்கும் அவர்தான் தளபதி. அவருக்கு மேலே டெல்லியில் இராணுவத் தளபதி ஜெனரல் சுந்தர்ஜி. பக்கவாட்டில் கொழும்பில் இந்தியத் தூதுவர் ஜே. என். தீக்ஷித். தீபிந்தர் சிங், ஹர்கிரத் சிங் இருவருமே பின்னர் புத்தகம் எழுதினார்கள். வரைபடம் போதாது, உளவுத் தகவல் பிழை, டெல்லி நிலைமையை விளங்கவில்லை என்பது இரண்டு பேருடைய முறைப்பாடும். 2007இல் வந்த நூலில் ஹர்கிரத் சிங் இன்னொன்றையும் எழுதினார்: பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுடவோ பிடிக்கவோ சொல்லித் தூதுவரிடமிருந்து தனக்குச் சொல் வந்ததாகவும், வெள்ளைக்கொடியின் கீழ் வருபவனை நாங்கள் சுடுவதில்லை என்று தான் மறுத்ததாகவும். ஓய்வுபெற்ற ஜெனரல்களின் நினைவுகளை உப்புப் போட்டுத்தான் சாப்பிடவேண்டும். இருந்தாலும் ஒரு டிவிஷன் தளபதிக்கு எத்தனை பக்கத்திலிருந்து கயிறு இழுபட்டது என்பது அதில் தெரிகிறது.

செப்ரெம்பர் 26இல் திலீபன் உண்ணாவிரதத்தில் செத்தார். ஒக்ரோபர் 5இல் பலாலியில் தடுத்து வைக்கப்பட்ட குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு பேர் சயனைட் கடித்துச் செத்தார்கள். கிழக்கில் சிங்களச் சனம் கொல்லப்பட்டது. ஒக்ரோபர் 10இல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அச்சகங்கள் இந்தியப் படையால் உடைக்கப்பட்டன. மாலை போட்டு எழுபத்திரண்டு நாள்.

11ஆம் திகதி இரவு விடிந்து 12 ஆகும் வேளையில் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலி இறங்கியது. புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். முதலில் 10ஆவது பரா கொமாண்டோக்கள் இறங்கினார்கள். பிறகு 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளாட்டூன், முப்பது பேர். புலிகள் காத்திருந்தார்கள். சூடு பலமாக இருந்ததால் அடுத்தடுத்து வரவேண்டிய ஹெலிகள் திரும்பிவிட்டன. கொமாண்டோக்களில் ஆறு பேர் இறந்தார்கள். சீக்கியப் பிளாட்டூனில் இருபத்தொன்பது பேர் இறக்க, ஒருவர் பிடிபட்டார். நாங்கள் அந்த இருபத்தொன்பது பேரை அப்போது எண்ணிக் கொண்டாடினோம் என்பதும் உண்மை. இப்போது அந்தப் பற்றாலியன் 54ஐச் சேர்ந்ததே இல்லை என்று படிக்கிறோம். வேறு டிவிஷனிலிருந்து 72ஆவது பிரிகேட்டோடு அவசரமாகப் பறித்துக்கொண்டு வந்தவர்கள். இறங்கிய இடம் எது என்று விளங்கமுதலே செத்திருப்பார்கள்.

அதே இரவு, அதே மைதானத்துக்குக் கிட்ட, கொக்குவில் கிழக்கில் பிரம்படி ஒழுங்கையில் வீடுகளுக்குள் இருந்த சனம் இந்தியப் படையால் கொல்லப்பட்டது. குழந்தைகள், கிழவர்கள். அந்த ஒழுங்கை எந்தப் பெருக்கல் குறிக்குள்ளும் வராது.

அடுத்த இரண்டு கிழமையில் 18, 41, 72, 115 என்று பிரிகேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலாலியில் இறக்கப்பட்டன. மூன்று பிரிகேட்டை நடத்தவென்று அமைந்த ஒரு தலைமையகம், ஒன்றோடொன்று பழகாத ஐந்து பிரிகேட்டை வைத்து ஒரு நகரத்தைப் பிடிக்கப் புறப்பட்டது. கிடுகுவேலியும் பனை வடலியும் ஒருவரையொருவர் தெரியாமல் மறைத்தன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏகே 47 தொடர்ச்சியாகச் சுட, இவர்கள் கையில் ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்எல்ஆர். தார் ரோட்டுக்குள் கண்ணிவெடி. ரி-72 ராங்கி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்ப இடமில்லாமல் மதிலை இடித்துத் திரும்பியதைக் கண்டவர்கள் எங்களில் உண்டு. பசந்தரில் ராங்கியை மறித்த டிவிஷன், அகன்ற வெளிக்கென்று செய்த ராங்கியோடு வீட்டுப் படலைகளுக்கு முன்னால் நின்றது.

பற்றாலியன் என்பது அவர்களுக்கு ஊர்போல. சீக்கிய இலகு காலாட்படையோ மராத்தாவோ, பக்கத்தில் நிற்பவன் பெரும்பாலும் தன் மாகாணத்தான், தன் பாஷைக்காரன். டிவிஷனை அவன் காண்பதில்லை. தன்னுடைய பல்டனைத்தான் காண்கிறான். அதுதான் அந்தப் படைகளின் பலம் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஒரு கண்ணிவெடியில் அந்தப் பல்டனின் எட்டுப்பேர் போனால் மற்றவர்களுக்கு அது சொந்தச் சாவு. சுட்டவன் ஓடிவிட்டான். அடுத்த வீட்டுக்குள் நாங்கள் இருக்கிறோம். இத்தனை வருடமாக "ஏன் அப்படிச் செய்தார்கள்" என்று எங்களுக்குள் கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி விடை இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

ஒரு பகுதிதான். ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்தது. நோயாளிகள், தாதிமார், ஊழியர்கள், டொக்ரர்கள் என்று அறுபதுக்கு மேற்பட்டோர் அந்த நாளும் மறுநாளும் கொல்லப்பட்டார்கள். கையை உயர்த்திக்கொண்டு தாங்கள் டொக்ரர்கள் என்று சொல்லி வந்தவர்களும் அதில் அடக்கம். அதற்கு முன்னர் புலிகள் சிலர் ஆஸ்பத்திரி வளவுக்குள் நின்று சுட்டார்கள் என்பதையும் ரஜனி திராணகமவும் நண்பர்களும் எழுதிய முறிந்த பனை மறைக்காமல் சொல்கிறது. ரஜனி 1989 செப்ரெம்பர் 21இல் திருநெல்வேலியில் வைத்துச் சுடப்பட்டார். புலிகள் சனத்துக்கு நடுவில் நின்று சுட்டுவிட்டுப் போனார்கள், பின்னால் என்ன வரும் என்று தெரிந்தே போனார்கள். இதை அப்போது சொல்ல எங்களுக்குத் தைரியம் இருக்கவில்லை; இங்கே வந்தும் கனகாலம் இருக்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நடந்ததைப் பத்து மணித்தியாலப் பயத்தாலும் செத்த தோழனின் துக்கத்தாலும் மட்டும் விளக்க முடியாது. அமைப்புப் படத்தைக் கையில் வைத்திருப்பதன் பயன் இங்கேதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அதிகாரி உண்டு. கொம்பனிக்கு ஒரு மேஜர், பற்றாலியனுக்கு ஒரு கேணல், அதற்கு மேலே பிரிகேடியர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வீதியில் நின்றது எந்தப் பெட்டி என்பது அவர்களுடைய யுத்த நாட்குறிப்பில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பற்றாலியனும் அப்படியொன்றை எழுதவேண்டும் என்பது அந்தப் படைகளின் சட்டம். சீக்கியர் என்றும் கூர்க்கா என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்வரை நாங்கள் ஒரு இனத்தின் மேல் பழி போடுகிறோம். பெட்டியின் இலக்கத்தைக் கேட்டால் ஒரு ஆளிடம் போய்ச் சேரலாம். அந்தக் கொலைகளுக்காக எந்த அதிகாரியும் தண்டிக்கப்பட்டதாக இன்றுவரை ஒரு அறிவித்தல் வந்ததில்லை.

நகரம் ஒக்ரோபர் கடைசியில் அவர்கள் கையில் விழுந்தது. நவம்பர் 25இல் கந்தரோடைப் பக்கம் தேடுதலுக்குப் போன 8ஆவது மகாரின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பதுங்கித் தாக்கியவர்களோடு மோதி இறந்தார். இந்தியப் படையின் இலங்கை நடவடிக்கையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் தமிழர். சென்னையில் சாலிக்கிராமத்தில் ஆற்காடு வீதியில் பரமேஸ்வரன் விஹார் என்று படையினருக்கான குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எங்கள் சனம் எவ்வளவு இருக்கிறது என்று வாசகர்களுக்குத் தெரியும். நாங்களும் அந்தப் பலகையைத் தாண்டிப் பஸ்ஸில் போயிருக்கிறோம், யார் இந்தப் பரமேஸ்வரன் என்று கேட்காமலே.

அதற்குப் பிறகு 54 தனியே நிற்கவில்லை. 36ஆவது காலாட்படை டிவிஷன் திருகோணமலையில், 57ஆவது மலை டிவிஷன் மட்டக்களப்பில், 4ஆவது மலை டிவிஷன் வவுனியாவில் என்று நாலு டிவிஷன் ஆகியது. முதலில் பாதி டிவிஷனால் முடியும் என்று நினைத்த வேலைக்கு! யாழ்ப்பாணத்தில் ஹர்கிரத் சிங்குக்குப் பின் வந்த மேஜர் ஜெனரல் சர்தேஷ்பாண்டே எழுதிய புத்தகம் மற்ற இரண்டையும்விட நிதானமானது. சனத்தைப் பற்றியும் அதில் கொஞ்சம் இருக்கிறது. நகரத்துக்கு ரவுன் கொமாண்டன்ற் என்று ஒருவரை வைத்தார்கள். பிள்ளையைப் பிடித்தவர்கள் எந்தக் காம்பில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு மனுவோடு தாய்மார் அங்கே வரிசையில் நின்றார்கள். சண்டைக்கென்று செய்த படையில் சனத்துக்கான ஒரே பெட்டி அதுதான், அதுவும் பிறகு ஒட்டுப்போட்டது. சுற்றிவளைப்பு, தலையாட்டி, ஐடென்ரிக் காட், பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் குந்தியிருந்தது எல்லாம் எங்களுக்கு எழுதித் தெரியவேண்டியதில்லை. 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறை. அதே ஆண்டு, போக வெளிக்கிட்டவர்கள் தங்களுக்குப் பதிலாகத் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை உருவாக்கப்போய், ரோட்டில் கண்ட பெடியளையெல்லாம் பிடித்தேற்றிய காலம். ஒரு இராணுவத்தைச் சில மாதத்தில் அப்படிச் செய்துவிடலாம் என்று, இருநூறு வருடத்துப் பாரம்பரியம் பேசுகிறவர்கள் எப்படி நம்பினார்கள் என்பது விளங்கவில்லை. அந்தப் பெடியள் என்ன ஆனார்கள் என்பது விளங்கும்.

1990 மார்ச் 24ஆம் திகதி திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் போனது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கத் தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. அவர்கள் பக்கத்தில் செத்தவர்கள் 1,100க்கு மேல். அவர்களுடைய பெயர்களைப் பொறித்த கல் கொழும்பில் பாராளுமன்றத்துக்குக் கிட்ட இருக்கிறது. பலாலியிலும் ஒரு நினைவுத்தூண் உண்டு. பிரம்படியில் ஒவ்வொரு ஒக்ரோபரிலும் சொந்தக்காரர் கூடி விளக்கு ஏற்றுகிறார்கள்.

இலக்கங்கள் பொல்லாதவை. 54 போய்ப் பத்து வருடத்தில், 2000 ஏப்ரலில், ஆனையிறவில் விழுந்ததும் 54ஆவது டிவிஷன்தான். இலங்கை இராணுவத்தின் 54. மட்டக்களப்புக்கு வந்தது இந்தியாவின் 57. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சிக்குள் நுழைந்தது இலங்கையின் 57. இதில் எந்தத் தொடர்பும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் 1987வரை டிவிஷன் வைத்துச் சண்டைபிடிக்காத இலங்கை இராணுவம், வடமராட்சிக்கே பிரிகேட்டுகளாக வந்த இராணுவம், பின்னர் டிவிஷன் டிவிஷனாக வளர்ந்து 53, 57, 58, 59 என்று வன்னியைச் சுற்றி வளைத்தது. அந்த நாலு இலக்கமும் எங்கள் சின்னப்பிள்ளைகளுக்குக்கூடப் பாடம். முதலில் வந்த 54ஐத்தான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

அந்தப் பெடியன் தன் தாளைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டான். ரொறொன்ரோவின் 48ஆவது ஹைலண்டர்ஸுக்கு மட்டும் சிவப்பு மை அடித்திருந்தான். எங்கட சிற்றி ஆக்கள் என்றான். மிஞ்சிய தாளில் எங்களுக்காக இன்னொரு படம் கீறித் தந்தான். மேலே இரண்டு பெருக்கல் குறி போட்டு 54, கீழே 91, அதன் பக்கத்தில் பிறகு வந்த 18, 41, 72, 115. அது இன்னும் பேஸ்மென்ர் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் பென்சிலால் தங்கள் ஊரையும் சந்தியையும் அந்தந்தப் பெட்டிக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறோம். உரும்பிராயை இரண்டு பேர் இரண்டு பெட்டிக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் ஒருவர் வந்து அழிப்பார், மற்றவர் திரும்ப எழுதுவார்.